அக்கி

அக்கி, சின்னம்மைக்குக் காரணமான அதே வைரஸால் வரும் கொப்புள நோய். புதுக்கோட்டை மாவட்டத்தில் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவார்கள். அம்மை இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நார்த்தாமலை அல்லது கொன்னையூர் முத்துமாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். அம்மை இறங்கினாலும் வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குன்றும்போது நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வாய்ப்பு அதிகம்.

முதலில் வருவது வலிதான். விலாவிலோ இடுப்பிலோ நெற்றியிலோ ஓரிடம் மட்டும் எரியும், குத்தும். சட்டை உரசினாலே சுரீரென்று வலிக்கும். தோலில் எதுவும் தெரியாததால் வாய்வுப் பிடிப்பு, சுளுக்கு என்று தைலம் தேய்த்தே இரண்டு மூன்று நாள் போய்விடும். பிறகு சிவந்த தடிப்பின்மேல் நீர்க்கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக எழும்பும். ஒரு நரம்பின் பாதையை ஒட்டிப் பட்டையாக ஓடும்; உடலின் நடுக்கோட்டைப் பெரும்பாலும் தாண்டாது. இந்த ஒருபக்கத் தன்மையே நம்பகமான அடையாளம். வேர்க்குரு இருபுறமும் பரவும், அரிக்கும். படர்தாமரை வட்டமாக விரியும். விளக்கொளிக்கு வரும் சிலவகை வண்டுகள் தோலில் நசுங்கினாலும் எரிச்சலோடு கொப்புளம் வரும். அதையும் அக்கி என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். கொப்புளங்கள் 7 முதல் 10 நாளில் பொருக்குக் கட்டும்.

அக்கி எழுதுவது தமிழகத்தின் பழைய வழக்கம். மண்பாண்டம் செய்யும் வேளார், காவிக்கல்லை நீரில் இழைத்து, கொப்புளங்களின்மேல் உருவங்கள் எழுதுவார்கள். ஐயனாருக்குப் புரவி செய்யும் கைகளின் மீது மக்களுக்குள்ள மதிப்பு பெரிது. காவியின் குளிர்ச்சி ஆறுதலும் தரும். ஆனால் காவி வைரஸைத் தடுக்காது. அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன். எழுதக் காத்திருந்து அந்த மூன்று நாளை இழப்பது பெரும் நட்டம். புண் ஆறியபின்னும் நரம்பு வலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வயதானவர்களின் தூக்கத்தையே அது பறித்துவிடும்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்பார்வைக்கு ஆபத்து. அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காதில் வந்து முகம் ஒருபக்கம் கோணினாலும் தாமதிக்கக் கூடாது.

கொப்புள நீர் பட்டால், அம்மையும் வராத, தடுப்பூசியும் போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். பொருக்குக் கட்டும்வரை புண்ணை மூடி, கைக்குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும்.