எட்டு நடை

ஆயுதங்களைப் பற்றிப் படிப்பதில் எனக்கு அப்படியொன்றும் ருசி கிடையாது. ஆனால் பிறந்த இடத்தை விட்டு வேறோரிடத்தில் பிழைக்க நேர்ந்தவர்களின் பாடு கதை எழுதுகிறவனை எப்போதும் இழுக்கும். அது மனிதனாக இருந்தாலும் சரி, துப்பாக்கியாக இருந்தாலும் சரி.

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் தரையில் வைத்துச் சுட்ட பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கி, நிமிஷத்துக்கு 400 முதல் 600 தோட்டாக்கள் வரை கக்கும். அதன் தம்பி ஒன்று ஆகாய விமானத்தில் இருந்தது. வானத்தில் எதிரி குறிக்குள் சிக்குவது ஒரு விநாடியோ, இரண்டு விநாடியோதான். ஆகவே தம்பியின் வேகம் நிமிஷத்துக்கு 1200க்கும் மேல்! பாரம் குறைய வேண்டுமென்று குழலையும் மெல்லிசாகச் செய்திருந்தார்கள். சூடேறினால் என்ன? பறக்கிற வேகத்தில் காற்றே விசிறி விடும் அல்லவா?

பசிபிக் தீவுகளில் போரிட்ட மரீன் படையினர் சிலர், நொறுங்கிக் கிடந்த விமானங்களிலிருந்து இந்தத் துப்பாக்கியைக் கழற்றினார்கள். மெல் கிரெவிச் என்ற ஸார்ஜண்ட் இதில் முனைந்து நின்றார். தோளில் சாய்க்க அதற்குக் கட்டை இல்லை. விரலால் இழுக்கக் குதிரை இல்லை. காலாட்படையினரின் காரண்ட் துப்பாக்கியிலிருந்து கட்டையை எடுத்துப் பொருத்தினார்கள். வேறொரு துப்பாக்கியின் இரட்டைக் காலை முன்னால் மாட்டினார்கள். குதிரையைத் தாங்களே செய்துகொண்டார்கள். இப்படி ஆறு துப்பாக்கிகள் தயாராயின. 'ஸ்டிங்கர்' என்று பெயர் வைத்தார்கள்; நம் பாஷையில் கொடுக்கு.

1945 பிப்ரவரி 19-ஆம் தேதி, ஐவோ ஜீமா தீவில் ஒரு கொடுக்குடன் இறங்கினார் கார்ப்பொரல் டோனி ஸ்டைன். ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரவாசி, வயது 23, யுத்தத்துக்கு முன் கருவிகள் செய்யும் தொழிலாளி.

ஜப்பானியரின் பதுங்கு அரண்களை ஒவ்வொன்றாகத் தாக்கிக்கொண்டு முன்னேறினார் அவர். அன்று அவர் கையால் மாண்டவர்கள் 20 பேர். ஆனால் இந்தத் துப்பாக்கியின் பசி இருக்கிறதே! 100 தோட்டாக்கள் கோத்த பட்டையை ஐந்தே விநாடியில் விழுங்கிவிடும். தோட்டா வேண்டுமென்றால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். தலைக்கவசத்தையும் பூட்ஸையும் கழற்றி எறிந்துவிட்டு, குண்டு மழையில், எரிமலையின் கரிய மணலில் ஓடினார். ஒரு நடையல்ல, எட்டு நடை. ஒவ்வொரு நடையிலும் காயம்பட்ட ஒருவரைச் சுமந்தோ, தாங்கியோ கரைக்குக் கொண்டு சேர்த்தார்.

அடக்கமாகச் சுடும் துப்பாக்கியாக இருந்திருந்தால் இத்தனை தடவை கரைக்குப் போக வேண்டியிருக்காது. தரைக்குப் பொருந்தாத அந்தப் பெரும்பசியே எட்டுப் பேரைக் கரை சேர்க்க வழி செய்தது. இருபது உயிரைக் குடித்ததும் அதே துப்பாக்கிதான். இரண்டு கணக்கும் ஒரே பதக்கப் பத்திரத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன. எதை எதில் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்டைன் பிறகு காயமுற்று, சிகிச்சைக்காகக் கப்பலுக்கு அனுப்பப்பட்டார். தம் படையில் பலர் மாண்டார்கள் என்று கேட்டதும் அங்கே இருப்புக் கொள்ளவில்லை, திரும்பி வந்துவிட்டார். மார்ச் 1-ஆம் தேதி கொல்லப்பட்டார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவர் மறைந்த பிறகே வீடு வந்து சேர்ந்தது.