இல்லத்தார் எடுத்த படச்சுருள்

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் மனத்தில் முதலில் தோன்றுகின்றன. ஒரு தெருவில் சிறுவர்கள் எவ்வாறு ஓடி விளையாடினார்கள், திருமண நாளில் பெரியவர்கள் எவ்வாறு வீற்றிருந்தார்கள், ஒரு தாய் தன் குழந்தையை எவ்வாறு இடுப்பில் ஏந்தினாள் என்பனவற்றை ஏடுகள் எழுதி வைப்பதில்லை. எழுதாது விடுபட்ட அப்பக்கங்களைச் சென்ற நூற்றாண்டில் ஓர் எளிய கருவி ஓரளவு நிரப்பித் தந்தது. சாதாரண மக்கள் தம் இல்லத்துக்கெனத் தாமே எடுத்துக்கொண்ட சிறு படச்சுருளே அது. அச்சுருள் பிறந்து வளர்ந்து, டிஜிட்டல் எனப்படும் எண்முறைப் பதிவுக்கு இடம் விட்டு விலகிய வரலாற்றை ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளியின் இயல்பை 11-ஆம் நூற்றாண்டிலேயே இப்னுல் ஹைதம் ஆராய்ந்தார். ஒளியியல் பற்றிய அவருடைய 'கிதாபுல் மனாளிர்' பிற்கால அறிஞர் பலருக்கு வழிகாட்டியாயிற்று. ஆயினும் ஒளியால் அசையும் உருவத்தைப் பதித்துத் திரையில் காட்டும் கலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கைகூடிற்று. அந்நாளில் வழங்கிய 35 மில்லிமீட்டர் சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பொருளால் ஆனது, விலையும் மிகுதி. வீட்டினுள் வைத்துப் புழங்கத் தக்கதன்று.

இக்குறையைப் போக்கவே சிறு சுருள்கள் வந்தன. 1922-இல் பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனம் 9.5 மில்லிமீட்டர் சுருளைக் கொணர்ந்தது. 1923-இல் அமெரிக்கக் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் சுருளை வெளியிட்டது. இவை அசிட்டேட்டால் ஆனவை. நைட்ரேட்டைப் போல் எளிதில் எரிவதில்லை. மேலும், எடுத்த சுருளே பதனிட்டபின் திரையில் ஓட்டும் சுருளாகவும் அமைந்தது. தனியே படி எடுக்கும் செலவு மிஞ்சிற்று. 1932-இல் வந்த 8 மில்லிமீட்டர் முறை இன்னும் சிக்கனமானது. 16 மில்லிமீட்டர் அகலச் சுருளின் ஒரு பாதியில் 25 அடி எடுத்து, பின்னர் சுருளைத் திருப்பி மறு பாதியிலும் எடுப்பர். பதனிடும் நிலையத்தார் அதனை நெடுக்கே பிளந்து ஒட்டி 50 அடியாக்கித் தருவர். திரையில் ஓடுவது ஏறத்தாழ நான்கு நிமிடம். 1935-இல் கோடாக்குரோம் வண்ணச் சுருளும், 1965-இல் பெட்டியுடன் பொருத்தும் சூப்பர் 8 சுருளும் வந்தன.

நான்கு நிமிடம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சுருளும் பதனிடலும் காசு கேட்டன. ஆகவே எடுப்பவர் காத்திருந்தார். எதனை எடுப்பது, எதனை விடுவது என்று தேர்ந்தார். பெருநாள், பிறந்தநாள், பயணம் ஆகியவையே மிகுதியும் பதிவாயின. அன்றாட உழைப்பும் நோயும் துயரும் பெரும்பாலும் விடுபட்டன. கருவி வாங்க வசதியற்றோரின் வாழ்வோ அறவே பதிவாகவில்லை.

எனினும் அச்சிறு சுருள்கள் சில வேளைகளில் பெரும் சான்றுகளாயின. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்ட காட்சியை, ஆப்பிரகாம் சப்ரூடர் என்ற ஆடை வணிகர் தம் 8 மில்லிமீட்டர் கருவியால் பதிவு செய்தார். அதன் நீளம் ஏறத்தாழ 26 விநாடி. இரண்டாம் உலகப்போரின்போது யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வழியினருள் ஒருவரான டேவ் தத்சுனோ, தடையை மீறி வரவழைத்த கருவியால் முகாம் வாழ்வை வண்ணத்தில் எடுத்தார். அது 1996-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

இவற்றினும் நெஞ்சை உருக்குவது நசியெல்ஸ்க் என்ற போலந்துச் சிற்றூரின் படம். அவ்வூரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய டேவிட் கர்ட்ஸ், 1938-இல் சுற்றுப்பயணமாகச் சென்று 16 மில்லிமீட்டரில் மூன்று நிமிட அளவு படமெடுத்தார். கருவியைக் கண்டு சிறுவர்கள் முண்டியடித்து நகைக்கின்றனர், அவ்வளவே காட்சி. அடுத்த ஆண்டு நாஜிப் படை புகுந்தது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 3,000 யூதருள் போர் முடியும்வரை உயிர் தப்பியோர் நூற்றுக்கும் குறைவு. 2009-இல் பேரர் கிளென் கர்ட்ஸ் அச்சுருளைக் கண்டெடுத்தபோது அது சுருங்கிச் சிதையும் நிலையில் இருந்தது. வாஷிங்டன் நகரிலுள்ள இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் அதனைச் செப்பனிட்டு, எண்முறைப் படியாக்கி எல்லாரும் காணுமாறு வைத்தது. அதனைக் கண்ட ஒரு பெண், முண்டியடித்த சிறுவருள் ஒருவன் தன் பாட்டனாரே என்று அறிந்துகொண்டாள். அப்பெரியவர் அப்போது உயிரோடிருந்தார். படத்திலுள்ள சிலருடைய பெயர்களையும் சொன்னார்.

எழுபது ஆண்டுகள் அவ்வுருவங்களைத் தாங்கி நின்றது சுருள். உரியவரிடம் கொண்டு சேர்த்தது எண்முறை. எது உயர்ந்தது என்று வாதிடுவோர்க்கு இந்நிகழ்ச்சியே தக்க மறுமொழி எனலாம்.

1983-இல் சோனி நிறுவனத்தின் தோளில் தாங்கும் வீடியோக் கருவி வந்தது; 1995-இல் எண்முறை நாடாவும், பின்னர்க் கைப்பேசியும் தொடர்ந்தன. கோடாக்குரோமைப் பதனிட்டு வந்த கடைசி நிலையம் 2010 டிசம்பர் இறுதியோடு புதிய சுருள்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. இன்று ஏழை இல்லத்திலும் படமெடுக்க முடிகிறது, ஒலியும் சேர்கிறது, படிமேல் படி எடுத்தாலும் தரம் குன்றுவதில்லை. இவை பெரும் பேறுகளே. ஆனால், சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் வெறுங்கண்ணுக்கே உருவம் புலப்படும். எண்முறைக் கோப்போ கருவியின்றி ஊமை. நாடாவை ஓட்டும் எந்திரம் மறைந்தால் நாடாவிலுள்ளதும் மறையும். சுருளுக்கும் அழிவு உண்டு. வெப்பத்திலும் ஈரத்திலும் அசிட்டேட் சிதைந்து காடி நெடி வீசும்.

ஓலைச்சுவடிகள் நமக்குக் கிட்டியது ஓலையின் உறுதியால் மட்டுமன்று. தலைமுறைதோறும் ஒருவர் அமர்ந்து படியெடுத்தார், அதனால் கிட்டின. எண்முறைப் பதிவும் அத்தகையதே. சில ஆண்டுகளுக்கொரு முறை புதிய கருவிக்கு மாற்றி, இரண்டு மூன்று இடங்களில் வைத்தாலன்றி அது நிலையாது. பழஞ்சுருள் வைத்திருப்போர் அதனைக் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்துப் படியும் எடுத்துக்கொள்க. படி வந்துவிட்டதென்று மூலத்தை எறிந்துவிட வேண்டாம்.

எல்லாவற்றினும் முதன்மையானது பெயர். நசியெல்ஸ்க் படத்தில் நகைக்கும் முகங்களுள் பெரும்பாலானவை இன்றும் பெயரற்றவை. அறிந்தவர் இருக்கும்போதே, இவர் இன்னார், இந்த இடம் இது, இந்த ஆண்டு இது என்று கேட்டு எழுதி வைத்தல் வீட்டிலுள்ள இளையோரின் கடமை. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.