மரத்த பாதங்களும் நரம்பின் வரைபடமும்: திருகோணமலைப் பெரிபெரியை முன்வைத்து ஓர் ஆய்வு

1795 ஓகஸ்டில் பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஓர்ஸ் ஹில், ஒஸ்ரன்பேர்க் மேடு, பிரெட்ரிக் கோட்டை ஆகியவற்றைக் கொண்ட அந்தத் துறைமுகப் பகுதியில் நிலைகொண்ட படையினரை அடுத்த ஆண்டுகளில் ஒரு நோய் பீடித்தது. முதலில் பாதம் மரத்துப்போகும். பிறகு கெண்டைக்கால் நோகும். குந்தினால் எழும்ப முடியாது. சிலருக்கு உடல் வீங்கி, மூச்சு முட்டி, உயிரும் போகும். அதுதான் பெரிபெரி.

இலங்கையில் பணியாற்றிய படை வைத்தியர் தோமஸ் கிறிஸ்ரி 1804இல் இந்நோயைப் பற்றி எழுதினார். ஸ்கேவி நோயைத் தணித்த புளிப்புப் பழங்கள் இதற்குச் சிறிதும் பயன்படவில்லை. சத்தான உணவு இல்லாமையே காரணம் என்று கருதிய அவர், இரு நோய்களுக்குமான வேறுபாடு ஏதோ நுண்ணிய வேதியியல் சேர்க்கையில் இருக்க வேண்டும் என ஊகித்தார். விற்றமின் என்ற கருத்தே பிறவாத காலத்தில் வியக்கத்தக்க ஊகம் இது. ஆனால் உடலின் எந்த உறுப்பு கெட்டதால் கால் மரத்தது என்பதற்கு அன்று விடையில்லை.

நோய் எங்கே இருக்கிறது?

1835இல் சென்னையில் மால்கம்சன் என்ற வைத்தியர் பெரிபெரி பற்றித் தனி நூலே வெளியிட்டார். 1872இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனின் யாழ்ப்பாண முயற்சியால் கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் வந்தது. நரம்புகள் ஓடும் வழியைத் தமிழ் மாணவர் தம் மொழியிலேயே படிக்க முடிந்தது. 1880களில் ஜப்பானில் பணியாற்றிய பெல்ஸ், ஷோய்பே என்ற ஜெர்மானியர் இருவரும் பெரிபெரியில் கைகால்களுக்குச் செல்லும் புறநரம்புகளே சிதைகின்றன என்று காட்டினர்.

ஏன் பாதத்தில் தொடங்க வேண்டும்? 1888 முதல் ஸ்பெயினின் கஹால் நுண்ணோக்கியில் கண்டவை இதற்கு வழிதிறந்தன: நரம்பு மண்டலம் தனித்தனி உயிரணுக்களால் ஆனது. 1891இல் அவற்றுக்கு நியூரான் என்ற பெயர் வந்தது. கால்விரலின் தொடுவுணர்வைச் சுமக்கும் நியூரானின் உடல், முதுகெலும்பின் அருகிலுள்ள நரம்புமுடிச்சில் இருக்கிறது. அதன் அகலம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட வராது. அதிலிருந்து கால்விரல் நுனி வரை நீளும் ஆக்சான் என்ற இழையோ ஏறத்தாழ 1 மீற்றர். இழையின் கோடிவரை தேவையான புரதங்கள் அந்தச் சிற்றுடலிலிருந்தே போய்ச் சேர வேண்டும். சக்தி குறைந்தால் கடைக்கோடி முதலில் வாடுகிறது. மரப்பு முழங்காலை எட்டும் வேளையில் கைவிரல் நுனிகளும் மரக்கத் தொடங்குவது இதனால்தான்.

பட்டையும் காலுறையும்

முதுகுத்தண்டிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்படுகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 1. ஒரு நரம்புவேர் உணர்வு தரும் தோற்பட்டையே டெர்மடோம். 1890களில் உடலியலாளர் ஷெரிங்ரன் குரங்குகளில் ஒரு வேரை மட்டும் விட்டு அக்கம்பக்க வேர்களை வெட்டி, உணர்வு எஞ்சிய இடத்தைக் குறித்தார். ஹென்றி ஹெட்டும் கேம்பலும் 1900இல் அக்கிக் கொப்புளங்கள் தோன்றிய பட்டைகளைக் கொண்டு மனித உடலின் வரைபடத்தை அமைத்தனர். தொப்புள் மார்பின் 10ஆம் வேருக்குரியது. பெருவிரல் பக்கத்துப் புறங்கால் இடுப்பின் 5ஆம் வேருக்கு. சுண்டுவிரல் ஓரம் திருவெலும்பின் முதல் வேருக்கு.

இந்த வரைபடம் கையில் இருந்தால் ஊசிமுனை ஒன்றே போதும். பாதத்திலிருந்து மேல்நோக்கி மெல்லக் குத்திக்கொண்டே வரும் வைத்தியர், உணர்வு திரும்பும் கோட்டைப் பார்க்கிறார். ஒரே காலில் நீளவாக்கில் ஒரு பட்டை மட்டும் மரத்திருந்தால் நரம்புவேர் நசுங்கியிருக்கலாம். இரு கால்களிலும் காலுறை அளவுக்குச் சமமாக மரத்திருந்தால் புறநரம்புகளில்தான் கோளாறு.

அரிசியின் சாட்சி

மலாயாவில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி மிகுந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அரிது. வைத்தியர் பிராடன் இதை 1907இல் நூலாக எழுதினார். அதே ஆண்டு வெளியான பிளெச்சரின் கோலாலம்பூர் மனநல விடுதிச் சோதனையும் அதை உறுதிப்படுத்தியது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற விற்றமின் அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது. தீட்டினாலும் முழுதும் போவதில்லை. குளுக்கோசிலிருந்து சக்தி எடுக்க நியூரானுக்கு அந்தத் தயமின் வேண்டும். 1926இல் பத்தாவியாவில் யான்சனும் டொனாத்தும் அதைப் பளிங்காகப் பிரித்தனர். நெல்லூரில் பிறந்த ரொபர்ட் வில்லியம்ஸ் 1936இல் அதைச் செயற்கையாக ஆக்கினார்.

காலுறை வடிவ மரப்புக்கு இன்று நீரிழிவே முதன்மைக் காரணம். பெரிபெரி அருகினாலும், நெடுநாள் மதுப்பழக்கத்தால் தயமின் குன்றியோருக்கு அதே மரப்பு வருகிறது. அத்தகையோருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடுவது வைத்தியசாலைகளில் வழக்கமாகியுள்ளது.