ஓரங்குலப் படமும் கல்முனைக் கரையும்

ஓர் ஊரின் வளர்ச்சியை ஆராய முற்படுவோர் ஏடுகளையும் முதியோர் வாய்மொழியையுமே பெரிதும் நாடுவர். இடவிளக்கப் படங்களும் வரலாற்று ஆவணங்களே என்பதைப் பலர் கருத்திற் கொள்வதில்லை. 1800ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நில அளவைத் திணைக்களம், ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் அளவுத்திட்டத்தில் இலங்கை முழுவதையும் 72 தாள்களில் வரைந்தளித்தது. பின்னர் 1:50,000 அளவுத்திட்டப் படங்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரிய படங்களில் கிழக்குக் கரையை நோக்குவோர்க்கு ஓருண்மை புலனாகும். கோமாரியிலிருந்து வடக்கே திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை எனத் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர்கள் கரையோர வீதியில் நிரலாக அமைந்துள்ளன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இடையிலுள்ள ஒடுங்கிய மணற்றிடலே குடியிருப்பு நிலம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் உள்நாட்டில் நீர்ப்பாசனத்தைப் பெருக்கியது. வயல் உணவளித்ததாயினும் வீடு கட்ட இடமளிக்கவில்லை. எனவே, கல்முனை போன்ற ஊர்கள் பரவி வளராது, நெருங்கியே வளர்ந்தன.

இந்நெருக்கத்தின் விளைவு 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையில் வெளிப்பட்டது. 2005இல் வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றர் வரையிலான நிலத்தில் மீளக் கட்டுவதைத் தவிர்க்குமாறு அரசு விதித்தது. ஓரங்குலப் படத்தில் அத்தூரம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் மட்டுமே. பென்சிற் கோடொன்றால் எளிதில் வரைந்துவிடலாம். ஆயின் தரையிலோ அக்கோட்டினுள் வீடுகளும் பள்ளிவாசல்களும் கோவில்களும் மீனவர் தோணிகளும் அடங்கின. பின்வாங்கிச் செல்வதற்கு மேற்கே வயலன்றி வேறு நிலம் அரிதாயிருந்தது. அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டமை வியப்பன்று.

படம் நிலத்தின் கிடக்கையைக் காட்டும். உரிமையாளர் எவரென்பதையோ, ஓர் ஊரவர் மற்றோர் ஊருடன் கொண்ட உறவையோ காட்டாது. ஆகவே படத்தையும் மக்கள் வாய்மொழியையும் ஒருங்கே வைத்து ஆராய்தலே முறையாகும். ஒன்றை மட்டும் நம்பிக் கோடு வரைவோர், அக்கோட்டுக்குள் வாழ்வோரை மறந்துவிடுவர்.