ஒரே ஒரு ரன்!

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு "ஆட்டம் முழுக்க ஒரே ஒரு ரன்" என்றால் சிரிப்புதான் வரும். ஆனால் அமெரிக்க பேஸ்பாலில் இன்றைக்கும் பேசப்படும் ஆட்டங்களில் ஒன்று 1-0 என்று முடிந்ததுதான். அதுவும் பத்தாவது இன்னிங்ஸில்!

1991 அக்டோபர் 27, மினியாபோலிஸ் நகரின் மெட்ரோடோம். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். மினசோட்டா ட்வின்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ் இரண்டு அணிகளுமே 1990-ல் தத்தம் பிரிவில் கடைசி இடம் பிடித்தவை. அடுத்த வருடமே இறுதிக்கு வந்து, ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து நின்றார்கள்.

ட்வின்ஸுக்குப் பந்து வீசியவர் ஜாக் மாரிஸ், வயது 36, பக்கத்து ஊரான செயின்ட் பாலில் பிறந்தவர். எதிரே 24 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ். மிச்சிகனில் வளர்ந்த ஸ்மோல்ட்ஸ் சின்ன வயதில் டெட்ராய்ட் டைகர்ஸ் ரசிகர். அப்போது அந்த அணியின் நட்சத்திர பிட்சர் யார்? இதே மாரிஸ்தான்!

ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. எட்டாவதில்தான் அந்தச் சம்பவம். முதல் பேஸில் அட்லாண்டாவின் லோனி ஸ்மித். பந்து வீசப்படும்போதே ஓடத் தொடங்கிவிட்டார். டெரி பெண்டில்டன் அடித்த பந்து இடது-நடுப் பக்கம் தூரமாகப் பறந்தது. நிற்காமல் ஓடியிருந்தால் ரன் நிச்சயம். ஆனால் ஸ்மித் இரண்டாவது பேஸைத் தாண்டித் தயங்கி நின்றார்; மூன்றாவதோடு சரி. மினசோட்டாவின் நாப்லாக்கும் காக்னியும் பந்து தங்களிடமே வருவதுபோல் நடித்தார்கள், ஸ்மித் ஏமாந்துவிட்டார் என்பதுதான் பிரபலமான கதை. பந்து எங்கே போனது என்று தெரியாமல்தான் நின்றேன், நடிப்பில் ஏமாறவில்லை என்றே ஸ்மித் சொல்லிவந்தார். அது நம்பும்படியாகவும் இருக்கிறது. ஏமாந்தவர் என்றால் இரண்டாவது பேஸில் சறுக்கி விழுந்திருப்பாரே!

தோல்விக்கு ஸ்மித்தே காரணம் என்று எழுதுபவர்கள் பிறகு நடந்ததை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள், ஒருவர்கூட அவுட் இல்லை. ரான் கான்ட் சாதாரணமாக உருட்டி அவுட். டேவிட் ஜஸ்டிஸுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள். சிட் பிரீம் முதல் பேஸ் பக்கம் உருட்டினார். ஹர்பெக் பந்தை ஹோமுக்கு எறிய, அது திரும்ப முதல் பேஸுக்கு வர, ஒரே பந்தில் இரண்டு அவுட்! இதில் ஸ்மித்தின் பங்கு என்ன?

அதே இன்னிங்ஸின் அடுத்த பாதியில் ஸ்மோல்ட்ஸ் வெளியேற்றப்பட்டார். மினசோட்டாவும் மூன்று பேஸிலும் ஆளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் போனது தனிக்கதை.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது. மேனேஜர் டாம் கெல்லி, மாரிஸிடம் போதும் என்றார். மாரிஸ் மறுத்தார். கெல்லி விட்டுக்கொடுத்தார். பத்தாவதிலும் வந்து மூன்று பேரையும் வரிசையாக அனுப்பி வைத்தார் மாரிஸ். மொத்தம் பத்து இன்னிங்ஸ், ஏழு ஹிட், ரன் பூஜ்யம். (இன்றைக்கு எந்த மேனேஜரும் இப்படி விடமாட்டார்!)

பத்தாவதின் பின்பாதி. டான் கிளாடன் அடித்தபோது மட்டை உடைந்தது. பந்து செயற்கைப் புல்தரையில் விழுந்து உயரமாக எகிற, அவர் யோசிக்காமல் இரண்டாவது பேஸ் வரை ஓடினார். ஸ்மித் செய்யாதது இதுதான்! நாப்லாக் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு, தான் அவுட்டாகி அவரை மூன்றாவதுக்கு நகர்த்தினார். அட்லாண்டா அடுத்த இருவருக்கும் வாக் கொடுத்து எல்லா பேஸையும் நிரப்பியது.

அப்போது மாற்று பேட்டராக வந்தவர் ஜீன் லார்கின். முழங்கால் வலியால் ஓடவே கஷ்டப்பட்டவர். தூரமாக ஒரு கேட்ச் பிடித்தாலும் கிளாடன் ஓடிவிடுவார் என்பதால் வெளிவட்ட வீரர்கள் எல்லோரும் முன்னால் வந்து நின்றிருந்தார்கள். அலெஹாண்ட்ரோ பேனா வீசிய முதல் பந்தே அவர்கள் தலைக்கு மேல் போனது. கிளாடன் இரண்டு காலாலும் ஹோம் பிளேட்டில் குதித்தபோது அவரைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தவர் மாரிஸ்.

தொடரின் சிறந்த வீரர் விருது மாரிஸுக்கு. 2018-ல் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்க்கப்பட்டார். லோனி ஸ்மித்துக்குக் கிடைத்ததோ அந்த ஒரு தயக்கத்தின் பெயர்தான். இதே தொடரின் மூன்று, நான்கு, ஐந்தாவது ஆட்டங்களில் வரிசையாக ஒவ்வொரு ஹோம் ரன் அடித்தவரும் அவரே.