லோன் கொலை வழக்கும் விடுபட்ட முன்விசாரணையும்

திருச்செந்தூரிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால் முதலில் ஆலந்தலை, அதற்கப்பால் குலசேகரன்பட்டினம், பின்னர் மணப்பாடு. முத்துக்குளித்துறை என வரலாற்றில் பெயர்பெற்ற கரையின் தென்பகுதி இது. 1942 செப்டம்பர் 20ஆம் நாள் குலசேகரன்பட்டினம் உப்பளத்தைத் தாக்கிய விடுதலைப் போராட்டக்காரர்கள் காவலர்களின் ஆயுதங்களைக் கைப்பற்றினர். அப்போது உப்பளத்தின் உதவி ஆய்வாளரான லோன் என்ற ஆங்கிலேயர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த சதிவழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் ஆகிய இரு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனையும் வேறு பலருக்கு நெடுங்காலச் சிறையும் விதிக்கப்பட்டன. தியாக வரலாறாக இது பலமுறை எழுதப்பட்டுள்ளது. ஆனால் வழக்கு எந்த முறையில் நடந்தது என்பதை ஆராய்ந்தோர் குறைவு. தமக்கு எதிராக வைக்கப்படவிருந்த சாட்சியங்களை, உயிர் பறிபோகும் அந்த வழக்கின் எதிரிகள் விசாரணைக்கு முன் அறிந்திருந்தார்களா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. (குற்றஞ்சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றழைப்பது நீதிமன்றத் தமிழ். அச்சொல்லே ஒரு தீர்ப்பைப் போல ஒலிப்பதைப் பலரும் கவனிப்பதில்லை.)

இதை விளங்கிக்கொள்ள 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கொலை, ராஜத்துரோகம் போன்ற பெருங்குற்றங்கள் நேராக செஷன்ஸ் நீதிமன்றத்திற்குச் செல்வதில்லை. முதலில் மாஜிஸ்திரேட் ஒரு முன்விசாரணை நடத்துவார். ‘கமிட்டல்’ என்று வழக்கறிஞர்கள் அழைத்தது இதனைத்தான். அரசுத் தரப்புச் சாட்சிகள் எதிரியின் முன்னிலையில் சாட்சியம் சொல்ல வேண்டும். அவர் அங்கேயே அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம். செய்யாமல் அமைதியாகக் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். பெரும்பாலான வழக்கறிஞர்கள் இரண்டாவதையே விரும்பினர். எதிர்தரப்பின் கையிருப்பு முழுவதையும் பார்த்துவிட்டு, தம்முடையதைக் காட்டாமல் செஷன்ஸ் விசாரணைக்குச் செல்லலாம் அல்லவா? குற்றச்சாட்டு வனையப்பட்டதும் எதிரி தம் சாட்சிகளின் பெயர்ப்பட்டியலைக் கொடுக்குமாறு 211ஆம் பிரிவு கோரியது உண்மையே. ஆனால் அது பெயர்ப்பட்டியல் மட்டுமே. அவர்கள் சொல்லப்போவது என்ன என்பதை அவர் வெளியிடத் தேவையில்லை. கமிட்டலுக்குப் பின் அரசுத் தரப்பு புதிய சாட்சியைச் சேர்த்தால், எதிரி கேட்கும் பட்சத்தில் அச்சாட்சியத்தின் நகலை இலவசமாகக் கொடுக்கவும் 219ஆம் பிரிவு வகை செய்தது.

இம்முறை இப்பகுதிக்குப் புதியதன்று. 1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானபோது, அவர்களது வழக்கும் மாஜிஸ்திரேட் வாலிஸ் நடத்திய முன்விசாரணையைக் கடந்தே செஷன்ஸ் நீதிபதி பின்ஹேயிடம் சென்றது. வ.உ.சி. தாமே வழக்கறிஞர். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கித் தாங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கவே அவ்வழக்குத் தொடுக்கப்பட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஜூலை 7ஆம் நாள் பின்ஹே விதித்த இரட்டை ஆயுள் தண்டனை அதன் கொடுமைக்குச் சான்று. எனினும், தம் சொற்பொழிவுகளைப் பற்றிச் சாட்சிகள் என்ன சொல்லப்போகிறார்கள் என்பதை அறியாமல் வ.உ.சி. செஷன்ஸ் கூண்டில் ஏறவில்லை. அவருக்கு மேல்முறையீடும் இருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தண்டனையை ஆறாண்டுகளாகக் குறைத்தது.

முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் குலசேகரன்பட்டினம் வழக்கைத் தனி நீதிமன்றம் விசாரித்தது. போர்க்கால அவசரத்தைக் காட்டி 1942 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட இரண்டாம் எண் அவசரச் சட்டம், தனி நீதிமன்றங்களுக்கென வேறொரு முறையை வகுத்திருந்தது. முன்விசாரணை இன்றியே தனி நீதிபதி வழக்கை ஏற்கலாம். ஜூரியோ அசெஸர்களோ இல்லை. சாட்சியத்தின் சாரத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். பயனில்லை எனக் கருதினால் எதிரி கோரும் சாட்சியை அழைக்க மறுக்கலாம். மேல்முறையீடும் இல்லை, கடுந்தண்டனைகளை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் மறுபார்வை இடுவதே எஞ்சியிருந்தது. விரைவு வேண்டுமென்ற அரசு முதலில் வெட்டியெறிந்தவற்றுள், எதிரி முன்கூட்டிக் கேட்டறியும் அந்தக் கட்டமும் ஒன்று என்பது சிந்தனைக்குரியது.

தனி நீதிபதிகள் ‘வாரண்ட்’ வழக்கு முறையைப் பின்பற்ற வேண்டியிருந்ததால், குற்றச்சாட்டு வனைந்தபின் அரசுச் சாட்சிகளை மீண்டும் அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு எதிரிக்கு இருந்தது. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் தொடங்கிவிட்ட விசாரணையின் நடுவே, அதே நீதிபதியின் முன், ஒத்திவைப்புக் கேட்டாலும் கிடைக்குமா என்ற நிலையில் கிட்டும் அவகாசம் முன்விசாரணைக்கு ஈடாகாது. போலீசாரிடம் சாட்சிகள் கொடுத்த வாக்குமூலங்களின் நகலோ, 1923ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், அச்சாட்சி கூண்டேறிய பின்னரே கேட்டுப் பெறத்தக்கதாக இருந்தது. அதுவும் தாமதமாகக் கிடைத்தால் என்ன? சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற புலுக்குரி கோட்டய்யா வழக்கில் இவ்வினா எழுந்தது. இது மிக மதிப்புவாய்ந்த உரிமை என்று ஒப்புக்கொண்ட அம்மன்றம், எதிரிக்குப் பாதகம் நேரவில்லை என்று கூறி, அத்தாமதத்தைக் காரணமாகக் கொண்டு தண்டனையில் தலையிட மறுத்தது. கைக்கு வராத குறிப்பால் பாதகம் நேரவில்லை என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடிகிறது!

அவசரச் சட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1943 ஜூன் 4ஆம் நாள் ஃபெடரல் நீதிமன்றம், பெனோவாரிலால் சர்மா வழக்கில், அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாவெனத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பளித்தோர் வரதாச்சாரியாரும் முகமது ஸஃபருல்லாஹ் கானும் ஆவர். மறுநாளே அரசு அச்சட்டத்தை நீக்கி, முந்தைய தீர்ப்புகளை நிலைநிறுத்தியும் மேல்முறையீட்டுக்கு வழிவிட்டும் புதிய அவசரச் சட்டம் கொணர்ந்தது. 1944இல் பிரிவி கவுன்சில் ஃபெடரல் நீதிமன்றத்தின் முடிவையே மாற்றிவிட்டது. காசிராஜன், ராஜகோபாலன் இருவரின் தூக்குத் தண்டனையும் ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1946இல் அவர்கள் விடுதலையாயினர்.

இவ்விடத்தில் காழிகளின் நீதிமுறையை நினைவுகூர்வது பொருத்தம். யமனுக்கு நீதிபதியாக அனுப்பப்பட்ட அலீ (ரலி) அவர்களிடம், ஒருவரின் வாதத்தைக் கேட்டதுபோல் மற்றவரின் வாதத்தையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்க வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி நாமறிந்ததே. மாலிக்கி மத்ஹபின் சட்டவறிஞர்கள் இதனை ‘இஃதார்’ என்ற தனி நடைமுறையாக வளர்த்தனர். சாட்சிகள் யார், சொன்னது என்ன என்பதை எதிர்தரப்புக்கு அறிவித்து, மறுப்பு உண்டா, சாட்சியின் நம்பகத்தன்மையில் குறை கூற விரும்புகிறீரா என்று வினவி, தவணை தந்த பின்னரே காழி தீர்ப்புரைப்பார். கமிட்டல் விசாரணைக்கு முன் அறிவிப்பு. இஃதாருக்கோ தீர்ப்புக்கு முன் அறிவிப்பு. கட்டம் வேறாயினும், அறியாத சாட்சியத்தை எவரும் மறுக்க முடியாது என்ற உணர்வு ஒன்றே.

சுதந்திர இந்தியா என்ன செய்தது? 1955ஆம் ஆண்டுத் திருத்தம், விசாரணை தொடங்குமுன் போலீஸ் ஆவணங்களின் நகல்களை இலவசமாக வழங்க வேண்டுமென விதித்து, அதற்கு ஈடாக முன்விசாரணையைச் சுருக்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் முன்விசாரணையை அறவே ஒழித்து, 207ஆம் பிரிவின்படி நகல் வழங்குவதோடு நிறுத்திக்கொண்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, எதிரி முன்னிலையான நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் நகல் தரப்பட வேண்டும் என்கிறது. விரைவும் செலவுக்குறைவும் கிடைத்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் முன்விசாரணையில் சாட்சியை நேரில் கண்டு, வாய்மொழியைக் கேட்டு, வேண்டினால் கேள்வியும் எழுப்ப முடிந்தது. நகலிலோ புலன்விசாரணை அதிகாரி எழுதியதே உண்டு. அதிலும் அரசுத் தரப்பு தனக்குத் துணையாகக் கொள்பவை மட்டுமே உண்டு. தனக்குப் பொருந்தாத வாக்குமூலத்தை அவர் கோப்பிலேயே விட்டுவைத்தால், அப்படியொன்று இருப்பதே எதிரிக்குத் தெரியாது. நம் கருத்தில் 1973இன் உண்மையான இழப்பு இதுதான்.

உச்சநீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஏற்ற வரைவு விதிகள் இவ்விடைவெளியை அடைக்க முயன்றன. அரசுத் தரப்பு சார்ந்திராத வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்கள் ஆகியவற்றின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டுமென அவை கூறின. பட்டியல் இருந்தால்தானே எதைக் கேட்பது என்று தெரியும்! தமிழ்நாட்டிலிருந்து சென்ற பொன்னுசாமி வழக்கில், 2022 நவம்பரில், மூன்று நீதிபதிகளுள் இருவர் இன்னும் ஒருபடி சென்றனர். அவ்விதிகளை ஏதேனும் ஓர் உயர்நீதிமன்றம் ஏற்கத் தவறியதால் எதிரியின் இவ்வுரிமை குன்றாது என்றனர். எனினும் அப்பட்டியலை மேல்முறையீட்டுக் கட்டத்தில் கேட்டு வந்த அம்மனுதாரர்களின் கோரிக்கை தள்ளுபடியாயிற்று. விசாரணையின் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டியது அது.