குனிந்து படிப்பதும் அண்ணாந்து பார்ப்பதும்

தமிழ்நாட்டில், உத்திரமேரூர்ச் சபா மண்டபத்தைக் காணப் போகிறவர் குனிய வேண்டும். வியட்நாமில், ஹனோய்க்கு அருகே உள்ள தின் பாங் ஊர்மன்றத்துக்குப் போகிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். முன்னதன் பெருமை கருங்கல் அடித்தளத்தில்; பின்னதன் பெருமை கூரையில். சோழர் காலத்து மேற்கட்டு காலத்தோடு போய்விட்டது. கல்வெட்டுகள் மட்டும் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக நிற்கின்றன. 1700இல் தொடங்கி 1736இல் முடிந்த தின் பாங் மன்றமோ முழுக்க மரவேலை. லிம் என்னும் வைரம் பாய்ந்த மரத்தில் 60 தூண்கள். மொத்த உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கூரையே எடுத்துக்கொள்கிறது. நான்கு மூலையிலும் தோணி முனைபோல மேல்நோக்கி வளைகிறது. பலகைத் தளம் மண்ணில் படாமல் முழங்கால் உயரத்துக்கு மேல் நிற்கிறது.

இடையில் ஏறத்தாழ 800 ஆண்டுகள், ஒரு பெருங்கடல். என்றாலும் இரண்டும் நெல்லும் நீரும் ஆண்ட ஊர்கள். ஒன்றில் ஏரியைக் கவனிக்கவே ஒரு வாரியம். மற்றதில் மலைக்கும் நீருக்கும் பயிருக்குமாக மூன்று காவல் தெய்வங்கள். வியட்நாமில் ஊர்மன்றத்துக்குப் பெயரே 'தின்'. அங்கே தெய்வமும் ஊர்ப் பெரியவர்களும் ஒரே கூரையின் கீழ். இங்கே பெருமாள் பிறகு வந்தார். சபை நடந்த இடம் இன்று வைகுந்தப் பெருமாள் கோயில்.

பெரிய வேற்றுமை சட்டத்தில் இருக்கிறது. சோழ அரசன் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் உத்திரமேரூர்ச் சபை தன் விதிகளைக் கல்லில் வெட்டியபோது, அரசன் அனுப்பிய அதிகாரி உடனிருந்தார். வியட்நாமியர் பழமொழியோ அரசன் ஆணை ஊர் வழக்கத்திடம் தோற்கும் என்கிறது. சோழ நாட்டு விதிகளில் இருக்கும் சந்தேக புத்தியை நான் ரசிக்கிறேன். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய சின்னம்மா, பெரியம்மா, அத்தை மக்களும் மாமனாரும்கூடக் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலான குடவோலையில் பெயர் எழுதத் தகாதவர்கள். குடத்திலிருந்து ஓலையை எடுக்க விவரம் அறியாத சிறுவன். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்.

தின் பாங் போன்ற ஊர்களில் குடம் இல்லை, பாய் இருந்தது. மன்றத்தில் யார் எந்தப் பாயில் அமர்வது என்பதே ஊரில் அவருடைய இடம். விருந்தில் கறித்துண்டும் அந்த வரிசைப்படிதான். ஊர் நடுவில் கிடைக்கும் ஒரு துண்டு அடுப்படி மூலையில் கிடைக்கும் ஒரு முறத்துக்குச் சமம் என்பது அவர்கள் கணக்கு. ('தின்' என்ற பெயர் தமிழ்க் காதில் விழும் விதம் தற்செயல்தான்.)

குலுக்கலும் வரிசையும் எதிரெதிர் முறைகள். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே படிக்கல்: படிப்பு. உத்திரமேரூரில் குடத்தில் பெயர் இடக் கால் வேலி நிலம் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் அரைக்கால் வேலி போதும். படிப்பு நிலத்தைப் பாதியாக்கியது. வியட்நாமில் அரசுத் தேர்வில் தேறியவருக்கு மேல்வரிசைப் பாய். அங்கே படிப்பு ஆளை உயர்த்தியது. இந்தக் கல்வி எல்லோருக்கும் திறந்திருந்ததா என்றால் இல்லை. உத்திரமேரூர்ச் சபை பிராமண நிலவுடைமையாளர் சபை. அதை மக்களாட்சியின் தொட்டில் என மேடைதோறும் முழங்குவோர் கால் வேலியை மறந்துவிடுகிறார்கள்.

பெண்களுக்குக் குடத்தில் ஓலையும் இல்லை, மன்றத்தில் பாயும் இல்லை. ஆனால் தின் பாங்கின் 60 தூண்களுக்கான மரத்தை வாங்கி ஊருக்குக் கொடுத்தவர்கள் நுயென் தக் லுவாங் என்ற அதிகாரியும் அவர் மனைவி நுயென் தி நுயெனும். மரம் வந்தது தான் ஹோவாவிலிருந்து. அது அந்த அம்மாள் பிறந்த சீமை.